கடைக்காரியின் கடற்கரை நடை

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டதும் பூதப்பாண்டியில் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். முப்பது வருடமாக உரக்கடை மேசைக்குப் பின்னால் இருந்தவள் நான். மூட்டை தூக்க ஆள் உண்டு, கணக்குப் பார்க்க வீட்டுக்காரர் உண்டு, பேசுவதற்கு நான். நெல் இலையை ஒடித்துக்கொண்டு வந்து "இதுக்கு என்ன போடணும்?" என்று கேட்பவனிடம் பத்துக் கேள்வி கேட்காமல் ஒரு பொட்டலம்கூட நான் எடுத்துக் கொடுத்ததில்லை. சிலருக்கு அது பிடிக்காது. அவர்களும் அடுத்த சாகுபடிக்கு என்னிடம்தான் வருவார்கள்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன், நானும் கூடவே விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என் வலது கையும் வலது காலும் அடுத்த வீட்டுச் சாமான்கள் மாதிரி கட்டிலில் கிடந்தன. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. பிறகு நான் சொன்ன முதல் வார்த்தை, கையிலிருந்த ஊசியை வெடுக்கென்று பிடுங்கிய ஆளைப் பார்த்து, "ஏலே!" என்பது. அதைக் கேட்டு வீட்டுக்காரர் அழுதுவிட்டார்.

வசவும் பாட்டும் மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம், சில சமயம் அவை தப்பித்துக்கொள்ளுமாம். டாக்டர் சொன்னது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு முழுவதையும் ஒரு வரி பிசகாமல் பாடினேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்தில் இருந்தவள் "சொகமாக்கா?" என்று கேட்டாள். "சொகம்" என்று சொல்ல வரவில்லை. பாடத் தெரிந்தவளுக்குப் பேசத் தெரியாதா என்ற சந்தேகம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நானும் அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊருக்குள் நடக்க முடியவில்லை. எதிரே வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பிறகு பதிலையும் அவர்களே சொல்லிவிட்டுப் போவார்கள். கடைப் பக்கம் போனால் இன்னும் மோசம். இழுத்து மூடிய ஷட்டரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வீட்டுக்காரர் என்னைக் காரில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

அங்கே அரசு போட்ட பூங்கா ஒன்று இருக்கிறது. ஆறு கடலில் சேருவதற்கு முன் மணல்திட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்குமே, அந்தப் பொழிக்கும் கடலுக்கும் நடுவில், சவுக்கும் புன்னையும் கொல்லாமரமும் காடாக வளர்ந்து நிற்கும் மேடு. கல் பதித்த பாதை மரங்களுக்குள்ளே வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் பெயர்ப்பலகை உண்டு. பாதை முடியும் இடத்தில் ஒரு மரக் கைப்பிடி, கைப்பிடியும் முடிந்தால் மணல் சரிவு, அதற்குக் கீழே கடல். காலையில் நடப்பவர்கள், வெளியூரிலிருந்து பிள்ளைகளோடு வருபவர்கள், மீனை விற்றுவிட்டுக் காலாறும் கடப்புறத்துப் பெண்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். யாருக்கும் என்னைத் தெரியாது. அதுவே எனக்குப் பாதி மருந்து.

முதல் நாள் வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன், கடல்வரை போய்க் காலை நனைக்காமல் விடுவதில்லை என்று. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாயும் இல்லை. அன்றைக்கு முதல் கொல்லாமரம்வரை போனேன். ஊன்றுகோல், இடது கால், பிறகு இழுத்துக்கொண்டு வரும் வலது கால். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முதுகெல்லாம் வேர்வை.

"இன்னைக்கு இது போதும்ட்டி, திரும்புவோம்" என்றார் வீட்டுக்காரர். நான் ஊன்றுகோலால் அடுத்த மரத்தைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு என் பின்னால் வந்தார். இப்படித்தான் ஒவ்வொரு மரமாக உள்ளே போனோம்.

பேச்சுக்கும் பயிற்சி நடந்தது, நாகர்கோவிலில், ஒரு சின்ன அறையில். பயிற்சி தருகிற பெண் சேலம் பக்கத்தவள். எங்கள் மாவட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நல்ல பெண், சிரித்த முகம். வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் இருப்பார், உள்ளே நானும் அவளும் ஒரு கட்டுப் படங்களும். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். "அம்மா, இது என்னங்க?" என்பாள். நான் கண்ணை மூடி, எங்கோ கிணற்றின் அடியிலிருந்து இழுத்து வருகிற மாதிரி இழுத்து, "வெள்ளம்" என்பேன். அவள் முகம் வாடும். அடுத்த படம், பலாப்பழம். "சக்கை" என்பேன். திண்ணையிலிருந்து குதிக்கிற பையனின் படத்துக்கு "சாடு" என்பேன். ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். சொன்னதும் ஜெயித்த மாதிரி நிமிர்ந்து பார்ப்பேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, "இன்னொரு தடவை யோசிங்க" என்பாள்.

வாரக்கணக்கில் இது நடந்தது. நான் சரியாகத்தானே சொல்கிறேன் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபமும் போய், எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. நான் நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்றோ? என் காதும் என்னை ஏமாற்றுகிறதோ? பக்கவாதத்தைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இரண்டு கால்களில் ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. புத்தி போனால் எதை ஊன்றி நடப்பது?

அந்தப் பெண் ஒரு நாள் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு, நான் இருக்கும்போதே சொன்னாள். "வார்த்தை வருதுங்க. ஆனா படத்துக்கும் வார்த்தைக்கும் சம்பந்தமில்ல. பாக்கறது புரியுதான்னே சந்தேகமா இருக்கு. ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்." அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பூங்காவில், புன்னைமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் தொண்டையைச் செருமினார். "ஏட்டி, கோவப்படாம கேளு. கடைய தம்பிக்கு விட்டிரலாம்னு இருக்கேன். அவன் செல்போன் கடை போடுகானாம். மேசையெல்லாம் எடுத்துட்டுக் கண்ணாடி வைப்பானாம். உன்னைய நம்பி இருந்த கடை, நீ இல்லாம நான் என்ன செய்ய?"

தம்பி என்று அவர் சொன்னது அவருடைய சித்தப்பா மகனை. என் கல்யாணத்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பூமாலையைப் பிய்த்தவன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உதட்டைக் குவித்து, பல்லைக் கடித்து, மேசையைத் தட்டுகிற மாதிரி பெஞ்சைத் தட்டி முயற்சி செய்தேன். "ம்... ம்..." என்றுதான் வந்தது.

"ஆமா, எனக்கும் கஷ்டந்தான்" என்றார் அவர், நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்து. ஏலே என்று அவரையும் திட்டத் தோன்றியது. கட்டின புருசனாகப் போய்விட்டார்.

அன்றைக்கு எழுந்து நடந்தேன் பாருங்கள், கோபம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. புன்னையைத் தாண்டி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதையின் முடிவுக்கே வந்துவிட்டேன். கைப்பிடியை விட்டேன். மணலில் ஊன்றுகோல் புதைந்தது, கால் புதைந்தது. சரிவில் பாதி இறங்குவதற்குள் மூச்சு வாங்கி, அங்கே வெட்டிக் கிடந்த பெரிய சவுக்குத் தடி மேல் உட்கார்ந்தேன். நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டது. தண்ணீர்ப் பாட்டில் வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் மேலே கைப்பிடிப் பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார்.

நான் அவரைக் கூப்பிட்டேன். தெருமுனையில் போகிற டெம்போவை நிறுத்துகிற என் கடைக்குரல் ஒரு பழுதுமில்லாமல் அப்படியே வந்தது. "வெள்ளம்! வெள்ளம்!"

கரையோரம் அலையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. நான் கையைத் தூக்கி மறுபடியும் கத்தினேன், "வெள்ளம்!" அந்த அப்பா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார். அந்த அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு ஓடினாள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் ஓடினார்கள். வேறு ஊரிலிருந்து வந்திருந்த காவலாளி விசில் ஊதிக்கொண்டே "எங்க? எங்க?" என்று கடலைப் பார்த்தார். அந்தக் கரையில் அப்படியொரு சத்தம் கேட்டால் நின்று காரணம் கேட்கிறவர்கள் கிடையாது, சுனாமி பார்த்த கரை. கடல் பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

எனக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த கடப்புறத்துப் பெண்கள் மட்டும் அசையவில்லை. அவர்களில் ஒருத்தி பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் இடது கையில் கொடுத்தாள். "குடி மக்கா. பைய குடி" என்றாள்.

குடித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது வெள்ளம், அவள் கொடுத்ததும் வெள்ளம். நான் பிறந்தது குளச்சலுக்கும் மேற்கே. அங்கே குடிக்கிறது வெள்ளம், குளிக்கிறது வெள்ளம், பலாப்பழம் சக்கை, குதித்தால் அது சாட்டம். பூதப்பாண்டிக்குக் கல்யாணமாகி வந்த பிறகு கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசி, தண்ணி என்றும் குதி என்றும் நானே மாற்றிக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை, வியாபாரம் சொல்லித்தந்தது. விழுந்ததில் அந்தப் பிந்திய பேச்சு மொத்தமும் உதிர்ந்து, பிறந்தவீட்டுப் பேச்சு மட்டும் அடியில் தங்கியிருக்கிறது. என் புத்திக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். வெளியூர்க்காரரிடமும் காவலாளியிடமும், "ஒண்ணுமில்ல சார், இவளுக்குக் குடிக்கத் தண்ணி வேணும். இவ பிறந்த பக்கம் வெள்ளம்னா தண்ணி" என்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாவுக்குக் கோபம், பிள்ளைகளுக்குச் சிரிப்பு. எல்லோரும் கலைந்ததும் அவர் என் பக்கத்தில் தடி மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"ஏட்டி. பேச்சு சொல்லித்தாற அந்தப் பிள்ளைட்டயும் வெள்ளம்னுதான் சொன்னியா?"

நான் தலையை ஆட்டினேன். எத்தனை முறை ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த பயிற்சிக்கு அவர் பெஞ்சில் உட்காரவில்லை, என்னோடு உள்ளே வந்தார். அந்தப் பெண் படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவர் விளக்கினார். அவள் ஒரு கட்டத்தில் படங்களைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, எங்க ஊர்ல சாடறதுன்னா திட்டறதுங்க. சக்கைன்னா கரும்புச் சக்கை" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இனி உங்க வார்த்தையிலயே பேசுங்க" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், வெட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு பூங்காதான் என் பள்ளிக்கூடம். வீட்டுக்காரர் பெயர்ப்பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு, "இது என்னட்டி?" என்பார். பலகையில் முந்திரி என்று இருக்கும், நான் கொல்லாமரம் என்பேன். தாழையைக் காட்டினால் கைதை என்பேன். "சரி" என்று சொல்லிவிட்டு நகர்வார். ஒற்றைச் சொல் இரண்டாயிற்று. "காத்து கூடுதல்." "காலு நோவுகு." "நீ பேசாண்டாம்." கடைசியாகச் சொன்னது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய ஆள் வந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னார்.

ஆனால் கடை விஷயத்தில் அவர் மாறவில்லை. "வாக்குக் குடுத்தாச்சுட்டி. மரத்துப் பேரு சொல்லுகது வேற, கடை நடத்துகது வேற. கேக்க வாறவன் நீ ஒரு வார்த்தை சொல்லுகது வரைக்கும் நிப்பானா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆத்திரம். இப்போது இதை எழுதும்போது சொல் வரும்வரை பேனா காத்திருக்கிறது. மனிதர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை.

அந்தத் தம்பி மேசையை அளந்து பார்க்கக் கடைச் சாவி வாங்க வீட்டுக்கு வருவதாகப் போன் செய்தான். வீட்டில் வைத்துப் பேசினால் நான் தோற்றுவிடுவேன் என்று தெரியும். டிவி ஓடும், காப்பி வரும், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், எனக்கு நாக்கு கட்டிக்கொள்ளும். அன்று முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவன்... பூங்காக்கு... வரட்டு."

"எதுக்குட்டி?"

"வரட்டு" என்றேன்.

வந்தான். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. "என்ன மைனி, ஆபீஸ இங்க மாத்திட்டியளா?" என்று சிரித்தான். மரியாதை தெரிந்தவன்தான், கெட்டவன் என்று சொல்லமாட்டேன். நான் ஊன்றுகோலை எடுத்துப் பாதையைக் காட்டினேன். நடந்தோம். என் வேகத்துக்கு அவனால் நடக்க முடியவில்லை. நாலடி முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்தான்.

கொல்லாமரத்தடியில் நான் வாயெடுத்தேன். "க... க..."

"கடலு தானே மைனி? ஆமா, நல்ல கடலு" என்றான். நான் சொல்ல வந்தது கடை.

சவுக்குத் தோப்பில் மறுபடியும் முயன்றேன். அவன் அதையும் எடுத்து அவனாக முடித்துவைத்தான். அப்புறம் என்னை விட்டுவிட்டு, என் தலைக்கு மேலே வீட்டுக்காரரோடு பேச ஆரம்பித்தான். கண்ணாடி அலமாரி, லைட்டு, பெயர்ப்பலகை. நான் நடந்தேன். கைப்பிடி முடிந்தது. மணல் சரிவில் வீட்டுக்காரர் கை கொடுத்தார், வேண்டாம் என்று தட்டிவிட்டேன். அன்றைக்கு உட்கார்ந்த சவுக்குத் தடியைத் தாண்டி, ஈரமணல்வரை இறங்கினேன். முதல் அலை வந்து என் இரண்டு காலையும் நனைத்தது. வலது காலுக்கும் குளிர் தெரிந்தது. கடலுக்கு வருவேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேனே, வந்துவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

எனக்குப் பின்னால் அவன் பேச்சு வயல் பக்கம் போயிருந்தது. அவனுக்கும் தோவாளையில் கொஞ்சம் வயல் உண்டு. "கும்பப்பூ நெல்லு நட்டது அண்ணே, பயிரு மஞ்சளா நிக்கி. போன வருசம் மைனி சொன்னதப் போட்டேன், கருகருன்னு வந்துது. இந்த வருசம் யார்ட்ட கேக்க?"

நான் திரும்பினேன்.

"அடி இலையா... கொழுந்தா?"

"அடி இலைதான் மைனி" என்றான் அவன்.

அடுத்தது என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாக நெல்லோடு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டது. அந்தச் சொல் வர இந்த முறை நான் எந்தக் கிணற்றிலும் இறங்க வேண்டியிருக்கவில்லை.

"வெள்ளம் நிக்கா?"

"நிக்கி மைனி. மடைய அடைச்சுத்தான் போட்டிருக்கேன்."

"வடி."

"வடிச்சிட்டு?"

நான் மூச்சு வாங்கினேன். அவன் இந்த முறை என் வாக்கியத்தை முடிக்கவில்லை. காத்திருந்தான். "மண்ணு... கீறணும். பொறவு... உரம்."

"எந்த உரம் மைனி? எப்பிடிப் போடணும்?" என்று அவன் பக்கத்தில் வந்து, தலையைக் கொஞ்சம் குனிந்து, காதைக் கொடுத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒவ்வொருவரும் என்னிடம் அப்படித்தான் குனிவார்கள். அலை வந்து அவன் ஷூவுக்குள் ஏறியது. அவன் கவனிக்கவில்லை. உரத்தின் பெயர் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"கடைக்கு வா" என்றேன்.

அவன் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

"கேட்டல்லா?" என்றார் அவனிடம். "நாளைக்குக் காலத்தே தொறந்திருவோம். வா."